புளிப்பு செர்ரி 20 பவுண்டு வாங்கியாச்சு, அப்பாவுக்கு கவுட். எப்படிப் பதப்படுத்தறது?

கான்டன்_கயல்

எல்லாருக்கும் வணக்கம். மிச்சிகன்ல கான்டன்ல இருக்கேன். அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்துல இருந்து மே மாசம் வந்தாங்க, செப்டம்பர் கடைசில திரும்பிப் போறாங்க.

அப்பாவுக்கு வயசு 68. ராத்திரில திடீர்னு வலது கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்துடும். போர்வை உரசினாலே துடிச்சுப் போயிடுவார். ஊர்ல டாக்டர் யூரிக் ஆசிட் 8.4, கவுட்னு (யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வர்ற வலி) சொல்லி, யூரிக் ஆசிட்டைக் குறைக்கற அல்லோபியூரினால் 100 எழுதிக் கொடுத்தார். ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மறுபடி வீங்கிடுச்சு. "இந்த மாத்திரைதான் வலியைக் கொண்டு வந்துச்சு"ன்னு நிறுத்திட்டார். இப்போ யாரோ வாட்ஸப்ல செர்ரி சாப்பிட்டா மூட்டுவலி பறந்துடும்னு வீடியோ அனுப்ப, செர்ரித் தோட்டம் நிறைய இருக்கற ட்ராவர்ஸ் சிட்டி போயே ஆகணும்னு அடம். போனோம். தோட்டத்துல ஒரு பெட்டி நிறைய மான்ட்மொரன்சிங்கற புளிப்பு செர்ரி, 20 பவுண்டு, வாங்கிட்டார். அதுவரைக்கும் செர்ரின்னா பேக்கரி பன்னு மேல ஒட்டியிருக்குமே, அதுதான்னு நினைச்சிருந்தாராம். மரத்தையே ஒரு அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு நின்னார்.

வாயில வச்சா புளியங்காய் தோத்துடும். இவ்வளவையும் எப்படி வச்சுக்கறது? ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்? ஊருக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்ப வழி இருக்கா? அப்பாவுக்கு மூணு மாச சர்க்கரை அளவு (ஹெச்பிஏ1சி) 6.2, அதனால சர்க்கரை கூடாது. பிபி மாத்திரையும் உண்டு.

மிளகுரசம்

ஊறுகாய் போடுங்க! களாக்காய் ஊறுகாய் மாதிரியே வரும். நல்லெண்ணெய், கடுகுப்பொடி, காரம், பெருங்காயம். போன வருஷம் போட்டேன், தோசைக்குத் தொட்டுக்கிட்டே ஒரு பாட்டில் காலி. அப்பா சொன்ன பன்னு செர்ரியும் பெரும்பாலும் களாக்காய்தான், பாகுல ஊறவச்சு சிவப்புச் சாயம் ஏத்தினது. அவரு பாதி சரி.

ட்ராய்_பெருசு

கயல்மா, ஊறுகாய் ருசிக்குச் சரி. பிபி இருக்கற மனுஷனுக்கு அவ்வளவு உப்பு மருந்துன்னு சொல்லாதீங்க.

எனக்கும் கவுட் உண்டு, கார் கம்பெனில வேலை பார்த்த காலத்துல இருந்தே. வருஷா வருஷம் ஜூலைல செர்ரி வாங்கி வைக்கறவன். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல பழத்தைக் காப்பாத்துங்க, மத்ததை அப்புறம் பேசலாம். இனிப்பு செர்ரி ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும். மான்ட்மொரன்சி தோல் மெல்லிசு, மூணு நாலு நாள்ல கொழகொழன்னு ஆயிடும். இன்னைக்கு ராத்திரியே உட்காருங்க. பழத்தைப் பொறுக்கி, வெடிச்சது அழுகினதைத் தள்ளிட்டு, ஐஸ் தண்ணில அரை மணி நேரம் போட்டு வைங்க. சதை இறுகிக்கும். இங்கே தோட்டத்துல மரத்தை மெஷின் வச்சு உலுக்கி, விழற பழத்தை நேரா குளிர்ந்த தண்ணித் தொட்டிலதான் கொட்டுவாங்க. காரணம் அதேதான்.

கொட்டை எடுக்கக் கருவி எதுவும் வேண்டாம். காகிதம் கோக்கற பெரிய கிளிப்பைக் கழுவி, பாதியா விரிச்சுக்குங்க. காம்பு இருந்த குழில வளைஞ்ச முனையை விட்டு, கொட்டையைச் சுத்தி ஒரு சுழட்டு சுழட்டி, கீழேருந்து நெம்புங்க. சின்னதா ஒரு 'பொளக்' சத்தம் வரும், கொட்டை தனியா வந்துடும், பழம் உருண்டையாவே நிக்கும். பத்துப் பழத்துல கை பழகிடும். சாறு முழங்கை வரைக்கும் ஓடும், நல்ல சட்டை போட்டுக்காதீங்க. மான்ட்மொரன்சிக்குத் தோல்தான் சிவப்பு, உள்ள சதை வெளிர் மஞ்சள். வீக்கத்துக்கு நல்லதுன்னு நாம தேடற ஆந்தோசயனின் நிறமி அந்தத் தோல்லதான் இருக்கு. அதனால தோலை உரிக்கறேன், வடிகட்டறேன்னு எதுவும் பண்ணாதீங்க.

வடிஞ்ச பழத்தைத் தட்டுல பார்ச்மென்ட் தாள் விரிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி ஃப்ரீசர்ல வைங்க. மறுநாள் காலைல கோலி மாதிரி கெட்டியா இருக்கும். அப்புறம் பையில ஒரு கப் ஒரு கப்பா போட்டு, காத்தை நல்லா அழுத்தி வெளியேத்தி மூடுங்க. தேதி எழுதுங்க. பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட்ல ஒரு வருஷம் கெடாது. நிறமி மட்டும் மாசம் போகப் போகக் குறையும், அதனால சேர்த்து வச்சுப் பூஜை பண்ணாம சாப்பிட்டுடுங்க. உருகும்போது பையில நிக்கற சிவப்புத் தண்ணியைக் கொட்டிடாதீங்க, பாதி விஷயம் அதுலதான் இறங்கியிருக்கும்.

பாட்டில்ல அடைக்கறதுன்னா, சர்க்கரை இல்லாம வெறும் தண்ணிலயோ ஆப்பிள் ஜூஸ்லயோ பழத்தைக் கொதிக்க விட்டு, சூடா ஜாடில நிரப்பி, கொதிக்கற தண்ணில முழுக வைக்கணும். பைன்ட் ஜாடிக்கு 15 நிமிஷம், குவார்ட்டுக்கு 20. புளிப்பே அதைக் காப்பாத்தும், சர்க்கரை ருசிக்கும் நிறத்துக்கும்தான். எனக்கு இதுல ஆர்வம் இல்லை, அடுப்படி பூரா ஆவி.

ஊருக்கு அனுப்ப ஒரே வழி காயவைக்கறது. ரெண்டாப் பிளந்து டீஹைட்ரேட்டர்ல 135லேருந்து 140 டிகிரி ஃபாரன்ஹீட். ஒரு நாள் முழுக்க ஓடும், சில சமயம் அதுக்கு மேலயும். பிய்ச்சுப் பார்த்தா ஈரம் கசியக் கூடாது, தோல் வார் மாதிரி வளையணும். ஆறினதும் ஜாடில முக்கால்வாசி நிரப்பி ஒரு வாரம் தினம் குலுக்கிவிடுங்க. உள்பக்கம் முத்து முத்தா தண்ணி தெரிஞ்சா திரும்பக் காயவைங்க, இல்லேன்னா கும்பகோணம் போறதுக்குள்ள பூஞ்சை பிடிச்சுடும். 5 பவுண்டு பழத்துக்கு முக்கால் பவுண்டு தேறினாப் பெருசு. கடைல விக்கற காய்ஞ்ச செர்ரி முக்கால்வாசி சர்க்கரைல புரட்டினது, அட்டையைப் படிச்சுட்டு வாங்குங்க. வீட்ல காயவச்சதைத் தயிர்சாதத்துல மாதுளைக்குப் பதிலாப் போட்டுக் கொடுங்க. அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

ஜாம், பை, பாகுல ஊறவச்சது எல்லாம் அப்பாவுக்கு வேண்டாம். சர்க்கரைல பாதி ஃப்ரக்டோஸ். அது ஈரல்ல உடையும்போதே யூரிக் ஆசிட் உண்டாகும். செர்ரியை வச்சுக் குறைக்கப் பார்த்து, பாகை வச்சு ஏத்தின கதையாயிடும். வெல்லம் போட்ட பச்சடிக்கும் இதே கணக்குதான், அம்மா கேட்டா சொல்லுங்க.

இப்போ அந்த வீடியோ விஷயம். சும்மா கிளப்பிவிட்டதுன்னு தள்ளிட மாட்டேன். 1950ல டெக்சஸ்ல லட்விக் பிளாவ்னு ஒருத்தர், தனக்கே கவுட் இருந்தவர், செர்ரி சாப்பிட்டுக் குணமானதா 12 பேர் கதையை ஒரு மருத்துவப் பத்திரிகைல எழுதினார். அங்கேருந்துதான் இது பரவிச்சு. 2003ல கலிஃபோர்னியால ஆரோக்கியமான 10 பெண்களுக்கு 280 கிராம் பிங்ங்கற இனிப்பு செர்ரி கொடுத்துப் பார்த்ததுல, அஞ்சு மணி நேரத்துல ரத்தத்துல யூரேட் (யூரிக் ஆசிட்தான்) இறங்கியிருந்தது. 2012ல பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 633 கவுட் நோயாளிகளை ஒரு வருஷம் கவனிச்சாங்க. செர்ரி சாப்பிட்ட ரெண்டு நாள்ல வலி தாக்கற வாய்ப்பு 35 சதவீதம் குறைவு, அதோட அல்லோபியூரினாலும் எடுத்தவங்களுக்கு 75 சதவீதம் குறைவு. வீடியோக்காரங்க முதல் பாதியைச் சொல்லிட்டு ரெண்டாம் பாதியை முழுங்கிடுவாங்க. அதுவும் நோயாளிங்க சொன்னதை வச்சுப் போட்ட கணக்கு, சோதனை இல்லை. பின்னால நியூசிலாந்துல 50 கவுட் நோயாளிகளுக்கு 28 நாள் செர்ரிச் சாறு கொடுத்துச் சோதிச்சப்போ, யூரேட் அசையவே இல்லை. 2005லயே அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, செர்ரி விக்கற 29 கம்பெனிகளுக்கு நோட்டீஸ் விட்டது, பழத்தை மருந்துன்னு சொல்லி விக்காதீங்கன்னு.

நான் சாப்பிடறது ஒரு நாளைக்கு ஒரு கப், சில நாள் அரை. மாத்திரையோட சேர்த்து. மாத்திரைக்குப் பதிலா இல்லை. செர்ரில வயித்தை இளக்கற சார்பிட்டால் இருக்கு, அளவு மீறினா பாத்ரூம்லதான் குடியிருக்கணும்.

கான்டன்_கயல்

ரொம்ப நன்றி அங்கிள். உங்க மெசேஜை அப்பாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். 75 சதவீதம் வந்ததும் முகம் கொஞ்சம் மாறிச்சு. ஆனா "மாத்திரை போட்ட பிறகுதானே வீங்குச்சு" அப்படிங்கற கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியலை.

மாத்திரைக்கடை

பார்மசிஸ்டா இருக்கேன், இதுக்கு நான் சொல்றேன். அப்பா கவனிச்சது உண்மைதான், அர்த்தம்தான் வேற. மூட்டுல வருஷக்கணக்கா யூரேட் படிகமாப் படிஞ்சு கிடக்கும். மாத்திரை ரத்தத்துல அளவை இறக்க ஆரம்பிச்சதும் அந்தப் படிகம் கரைஞ்சு கலையும், அந்தச் சமயத்துல வலி கிளம்பறது சகஜம். அதனாலதான் முதல் மூணுலேருந்து ஆறு மாசம் அந்த வலி வராம தடுக்கக் கொஞ்சமா கோல்ச்சிசின்ங்கற மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பாங்க. அப்பாவுக்குக் கொடுத்தாங்களான்னு சீட்டைப் பாருங்க. 100 மில்லிகிராம் ஆரம்ப டோஸ்தான், ரத்தத்தைப் பார்த்துப் படிப்படியா டோஸை ஏத்தி, யூரிக் ஆசிட்டை 6க்குக் கீழ கொண்டு வரணும். திரும்ப ஆரம்பிக்கறதை அவரா செய்ய வேண்டாம், டாக்டர்கிட்ட ஒரு வீடியோ கால் போடுங்க. போட ஆரம்பிச்சு உடம்புல தடிப்பு, சிவப்பு வந்தா மட்டும் உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும்.

இன்னொண்ணு. பிபி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. ஹைட்ரோகுளோரோதயசைட் அப்படின்னு இருந்தா, அதுவே யூரிக் ஆசிட்டை ஏத்தும். லோசார்டன்ங்கற இன்னொரு பிபி மாத்திரை கொஞ்சம் இறக்கும். மாத்தலாமான்னு டாக்டரைக் கேளுங்க. சிறுநீரகம் பழுதாகி பொட்டாசியம் கட்டுப்பாடு சொல்லியிருந்தா செர்ரி அளவையும் கேட்டுக்குங்க.

போரூர்_பத்மா

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். எனக்கு 61, ரெண்டு முழங்காலும் தேய்மானம், மாடி ஏறினா கடகடங்குது. ஜூன் மாசம் கோயம்பேடு பக்கம் காஷ்மீர் செர்ரி வருது, சின்னப் பெட்டியே கையைக் கடிக்குது. வாங்கிச் சாப்பிட்டா முட்டிக்கு நல்லதா?

ட்ராய்_பெருசு

பத்மாம்மா, உங்களுது வேற வியாதி. கவுட்ல படிகம் குத்துது, உங்களுக்குக் குருத்தெலும்பு தேயுது. முழங்கால் தேய்மானத்துக்குன்னே ஃபிலடெல்ஃபியால 58 பேரை வச்சு ஒரு சோதனை பண்ணி 2013ல வெளியிட்டாங்க. தினம் ரெண்டு பாட்டில் புளிப்பு செர்ரி ஜூஸ், ஆறு வாரம். குடிச்சப்போ வலி குறைஞ்சதா சொன்னாங்க, ஆனா செர்ரி இல்லாத போலி ஜூஸ் குடிச்ச காலத்தோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசம் நிக்கலை. ரத்தத்துல அழற்சியைக் காட்டற சிஆர்பி மட்டும் இறங்கியிருந்தது. அதுவும் புளிப்பு வகை. காஷ்மீர்ல இருந்து வர்றது இனிப்பு வகை. ஆசைக்கு ஒரு பெட்டி வாங்குங்க, முட்டிக்குன்னு நினைச்சு வாங்காதீங்க. அந்தக் காசுக்கு நாலு தடவை பிசியோதெரபி போய்த் தொடைத் தசைக்கு என்ன பயிற்சின்னு கத்துக்கிட்டு வரலாம். மாடி ஏற அதுதான் உதவும்.

வீக்கத்தோட காலைல கைவிரல் எல்லாம் மடக்க முடியாம ரொம்ப நேரம் இறுகிக் கிடந்தா, அது மூணாவது வகை, வாத நோய் டாக்டரைத்தான் பார்க்கணும்.

கான்டன்_கயல்

பிபி மாத்திரை அட்டைல அந்த ஹைட்ரோகுளோரோதயசைட் இருக்கு! ஊர் டாக்டருக்கு போட்டோ அனுப்பிட்டேன், சனிக்கிழமை பேசறதா சொல்லியிருக்கார். கோல்ச்சிசின் சீட்டுல இருந்திருக்கு, "ரெண்டு மாத்திரை எதுக்கு"ன்னு அப்பா வாங்கவே இல்லையாம்.

நேத்து ராத்திரி அப்பா, நான், பையன் மூணு பேரும் கிளிப்போட உட்கார்ந்தோம். அப்பாதான் வேகம். 12 பவுண்டு ஃப்ரீசர்ல, அஞ்சு காய்ஞ்சுக்கிட்டு இருக்கு, மிச்சத்துல அம்மா மிளகுரசம் சொன்ன ஊறுகாயை உப்புக் குறைச்சுப் போடறாங்க, அப்பாவுக்கு இல்லைன்னு கண்டிஷன் போட்டு. ரெண்டு கேள்வி. ஒரு கப் பழத்தை மோர்ல அடிச்சுக் கொடுக்கலாமா? அப்புறம் கொட்டையை எல்லாம் கழுவி பேப்பர்ல காய வச்சிருக்கார், ஊர்ல கொல்லைல போடப் போறாராம்.

ட்ராய்_பெருசு

மோர் தாராளமா. உப்பு சிட்டிகை போதும். கொட்டை ஒண்ணு கூட மிக்ஸில விழாம பார்த்துக்குங்க. முழுசா முழுங்கினா ஒண்ணும் ஆகாது. உடைஞ்சா உள் பருப்புல இருக்கற அமிக்டலின், வயித்துல சயனைடா மாறும். காய வச்சதைப் பேரன் கைக்கு எட்டாம வைங்க.

கொல்லைல போட்டாலும் காய்க்காது. இந்த மரம் பூக்க ஒவ்வொரு குளிர்காலமும் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம் வேணும். கும்பகோணத்துல மார்கழி விடியக்காலம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் தேறாது. விதையை விமானத்துல கொண்டு போறதுக்கும் அனுமதி, சான்றிதழ்னு ஏகப்பட்ட கெடுபிடி. அந்த இடத்துல வெத்தலைக் கொடியே வைக்கச் சொல்லுங்க.

சனிக்கிழமை டாக்டர் என்ன சொன்னார்னு இங்கேயே எழுதுங்க.