புதுப்பிப்பு: தங்கச்சி குழந்தையின் எச்ஐவி ரிப்போர்ட்

எச்ஐவி உள்ள என் தங்கச்சியின் கைக்குழந்தைக்குத் தனியார் லேப் ஒன்றில் எச்ஐவி ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) 'பாசிட்டிவ்' என்று வந்ததாகப் பதறிப்போய் எழுதியிருந்தேன் அல்லவா? அந்தச் சோதனையே தேவையில்லாதது. தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். 18 மாதம் வரைகூட ரத்தத்தில் இருக்கலாம். அதுவரை கிருமி தொற்றாத பிள்ளைக்கும் பாசிட்டிவ் காட்டக்கூடும்.

கிருமியையே தேடுவது பிசிஆர் சோதனை. மதுரை பெரியாஸ்பத்திரியில் 6 வாரத்தில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். நேற்று முடிவு வந்தது: கிருமி இல்லை! அம்மா அழகர்கோவிலில் முடி இறக்குவதாக நேர்ந்திருக்கிறார், அது தனிக்கதை.

தாய்ப்பால் கொடுப்பதால் 6, 12 மாதங்களில் மறுபடி சோதனை உண்டு. 18 மாதத்தில்தான் கடைசி முடிவு. தங்கச்சி எச்ஐவி மாத்திரையை ஒருநாள்கூட விடுவதில்லை.