மயில்கொன்றை மாசியில் இலை கொட்டி நிற்கிறது, வெட்டலாமா?

கேள்வி: செம்மண் தரை, மதிலோரம், பக்கத்தில் வேப்பமரம். செடிக்கு மூன்று வயது, எட்டடி உயரம். இப்போது இலை முழுக்கக் கொட்டிவிட்டது. போன வருஷம் நுனியில் மட்டும் இரண்டு மூன்று கொத்துதான் பூத்தது. பட்டுப்போனதா? விதையும் போட்டேன், முளைக்கவில்லை.

பதில் 1: பட்டுப்போயிருக்காதுங்க. தண்ணீர் குறைந்தாலோ பனி விழுந்தாலோ மயில்கொன்றை இலை உதிர்க்கும். கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் பச்சை தெரியும் இடம் வரை கீழே வெட்டிக்கொண்டே வாருங்கள்.

பூ புதுத் தளிரின் நுனியில்தான் வரும். வெட்டாமல் விட்டால் கீழே வெறும் கட்டை, மேலே நாலு பூ. நல்ல தண்டு நாலைந்தை மட்டும் வைத்து, தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடியில் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். முள் இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாகக் கொத்தி, மக்கிய தொழு உரம் மூன்று கிலோ போட்டு மூடுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம், இலைதான் மண்டும்.

பதில் 2: மேலே சொன்னது சரி. ஆனால் வேப்பமர நிழலைக் கவனியுங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாவிட்டால் எவ்வளவு வெட்டினாலும் பூ சரியாக வராது, வெயிலைத் தேடி நெட்டையாக வளரும். உங்கள் எட்டடிக்குக் காரணம் அதுவாகத்தான் தெரிகிறது. முதலில் வேம்பின் தாழ்ந்த கிளைகளைக் கழியுங்கள். காய்ந்த மண்ணிலும் வெட்டாதீர்கள்: முதல் நாள் வேர் நனையத் தண்ணீர் விட்டு மறுநாள் வெட்டினால் தளிர் சீக்கிரம் வரும். பிறகு வாரம் ஒரு முறை ஆழமாக விட்டால் போதும்.

தளிர் வந்ததும் மாவுப்பூச்சி வரலாம். எறும்பு ஏறுகிறதா பாருங்கள், அதுதான் அடையாளம். லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் கொஞ்சம், சாயங்காலம் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். பூத்து முடிந்த கொத்தைக் காய் பிடிக்குமுன் கிள்ளிவிடுங்கள், காய் விட்டால் அடுத்த பூ குறையும்.

பதில் 3: விதைக்கு: மேலோடு கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது, அதனால்தான் முளைக்கவில்லை. காயில் ஒட்டியிருந்த முனைக்கு எதிர்ப்பக்க ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, பழுப்பு போய் வெளிர்நிறம் லேசாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டால் உப்பும். உப்பாததை மறுபடி தேயுங்கள். அரை அங்குல ஆழத்தில் போதும். ஆணிவேர் ஆழமாக இறங்கும், அதனால் நாலைந்து இலை வந்ததுமே தரைக்கு மாற்றிவிடுங்கள். பெரிதானபின் பிடுங்கினால் வாடிவிடும்.

காய் காய்ந்தால் படீரென வெடித்துச் சிதறும், பழுப்பேறும்போதே பறியுங்கள். விதை உடம்புக்கு ஆகாது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.