உதவி: ரெசின் ஊற்றிய கால்வாய் வெண்மையாக மங்கிவிட்டது, போட்டி நடுவர்கள் இதை எப்படி மதிப்பிடுவார்கள்?

பொதிகைச்சாரல் (அம்பாசமுத்திரம்)

அனைவருக்கும் வணக்கம். மாதிரி ரயில் போட்டியின் டயோரமா (ஒரு காட்சியைச் சிறு முப்பரிமாண மாதிரியாக அமைப்பது) பிரிவுக்காக, கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் இடைப்பட்ட ஒரு வயல்வெளியை, அங்கே மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில் இருந்தபடி 1:87 அளவில் அமைத்து வருகிறேன். பலகை 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட 12 மி.மீ. பிளைவுட். நடுவே மண்கரை மீது 12 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளமும், அதன் கீழே ஒரு சிறு பாலத்தின் வழியாகக் கன்னடியன் கால்வாயை ஒத்த வாய்க்கால் ஒன்றும் செல்கின்றன. ஒரு புறம் பெண்கள் நாற்று நடுகிறார்கள். மறுபுறம் விளைந்து சாய்ந்த நெல்லும் வைக்கோல் படப்பும் உள்ளன. வரப்பில் நிற்கும் பனைகளில் பதநீர்க் கலயங்களைக் கட்டியிருக்கிறேன்.

வாய்க்காலின் படுகையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் வார்த்து, சலித்த ஆற்றுமணலை ஒட்டி, நீராகத் தெரிவதற்காக அதன் மேல், ஹார்டனர் கலந்தால் இறுகும் எபாக்சி ரெசினை ஊற்றினேன். மறுநாள் பார்த்தபோது நீர் முழுவதும் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்திருந்தது. ரெசின் இறுகிவிட்டது, பிசுபிசுப்பு இல்லை. இது ஒரு தொல்லை. பலகையின் நடுப்பகுதி சிறிது மேலெழும்பி வளைந்திருப்பது இன்னொரு தொல்லை.

போட்டியில் மொத்தம் 125 மதிப்பெண் கொண்ட தாளைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறார்கள். ரெசினை முழுவதும் பெயர்த்தெடுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டுமா, அல்லது அப்படியே சமாளிக்க முடியுமா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கரிசல்காடு (கோவில்பட்டி)

பெயர்த்தெடுப்பதற்கு முன் மங்கல் எங்கே இருக்கிறது என்று கண்டறியுங்கள் அண்ணாச்சி. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து ஓர் ஓரத்தில் துடைத்துப் பாருங்கள். துடைத்த இடம் தெளிந்தால், ஈரக்காற்றில் ரெசின் இறுகும்போது ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் மேற்பரப்பில் படிந்து உண்டான வெறும் படலம் அது. முழுவதும் கழுவித் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மேலே ஒரு மெல்லிய அடுக்கு ஊற்றினால் போதும். துடைத்தும் மாறவில்லையென்றால் ஈரம் ரெசினுக்குள்ளேயே கலந்துவிட்டது என்று பொருள். பிளாஸ்டர் தொட்டால் காய்ந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே வெகுநாள் ஈரத்தை வைத்திருக்கும். அதே கலவையில் ஒரு சிறு துண்டைத் தனியே வார்த்து வைத்துக்கொண்டு, நாள்தோறும் எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகே ரெசின் ஊற்றுவது பாதுகாப்பான வழி.

மங்கல் வெறும் குமிழ்களால் ஆனதென்றால் காரணம் வேறு. பிளாஸ்டரும் மணலும் நுண்துளை உள்ளவை. முதலில் பெவிகால் கரைசலையோ வார்னிஷையோ பூசி அவற்றை அடைக்காவிட்டால், அவற்றில் உள்ள காற்று ரெசினுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. ஒரே முறையில் ஆழமாக ஊற்றாதீர்கள். எபாக்சி இறுகும்போது வெப்பம் வெளிப்படும். கனம் கூடக் கூட வெப்பமும் கூடும். கரைக்கு அடியில் தெர்மாகோல் வைத்திருந்தால் அது உருகி உள்வாங்கும். இரண்டு மூன்று மி.மீ. அடுக்குகளாக, ஒன்று இறுகிய பின் மற்றொன்றாக ஊற்றுங்கள்.

நெல்லைக்கேஜ் (பேட்டை)

நீரைப் பற்றிக் கரிசல்காடு சொல்லிவிட்டார். நான் தண்டவாளத்தைப் பற்றிக் கேட்கிறேன், ஏனெனில் நடுவர்கள் அளவுகோலுடன்தான் வருவார்கள். மீட்டர்கேஜ் 1,000 மி.மீ.; அதை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வரும். எனவே 12 மி.மீ. பாதையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையைப் போட்டு மீட்டர்கேஜ் என்று சொல்பவர்களைப் பார்த்துச் சலித்த கண்களுக்கு உங்கள் பாதை ஆறுதலாகவே இருக்கும். ஆனால் தண்டவாளத்தின் உயரம் என்ன?

பொதிகைச்சாரல்

கோட் 75 தண்டவாளம் போட்டிருக்கிறேன். மங்கல் துடைத்தும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது.

நெல்லைக்கேஜ்

கோட் 75 என்றால் 0.075 அங்குலம், அதாவது 1.9 மி.மீ. உயரம். 87-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 166 மி.மீ. வருகிறது. அகலப்பாதையில் போடும், மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளமே 156 மி.மீ. உயரந்தான். மீட்டர்கேஜில் கிடந்த, கெஜத்துக்கு 60 பவுண்டு எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 114 மி.மீ., 75 பவுண்டு தண்டவாளத்தின் உயரம் 129 மி.மீ. அளவுதான். கோட் 55 கிடைத்தால் அது 1.4 மி.மீ., அதாவது 122 மி.மீ.க்கு நிகராகிவிடும். ஒட்டிய பாதையைப் பெயர்க்க மனம் வரவில்லையென்றால், தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப்பழுப்பு நிறத்தை மங்கலாகப் பூசி, ஓடுதளத்தை மட்டும் பளபளக்க விடுங்கள். கண்ணுக்கு மெலிந்து தெரியும். அளவுகோலுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜல்லிக்கும் இதே கணக்குத்தான். ரயில்வே ஜல்லி பெரும அளவாக 65 மி.மீ. இருக்கும், 1:87 அளவில் அது முக்கால் மி.மீ. மட்டுமே. கிரஷர் தூளைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, வடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரை மணலில் கனிமத் துகள்கள் உண்டு, ஆற்றுமணலிலும் கரும்பொடி கலந்திருக்கும். எஞ்சினை ஓட்டிக் காட்டப் போகிறீர்கள் என்றால், ஒட்டுவதற்கு முன் காந்தத்தை ஒரு முறை மணலுக்குள் ஓட்டி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தத் தூளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

பழையஸ்லீப்பர் (தென்காசி)

தம்பி, சில போட்டிகளில் நடுவராக அமர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் 125 மதிப்பெண் தாள், 1935-இல் தொடங்கிய அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் முறையைத் தழுவியதாக இருக்கும். அதில் கட்டுமானத்துக்கு 40, நுண்விவரங்களுக்கு 20, அசலோடு பொருந்துவதற்கு 25, பூச்சுக்கும் எழுத்துகளுக்கும் 25, மூலப்பொருளிலிருந்து தானே செய்ததற்கு 15 என்று பிரித்திருப்பார்கள். அந்தச் சங்கத்தின் சாதனைத் திட்டத்தில் 87.5 மதிப்பெண் பெற்றால் தகுதிச் சான்று உண்டு. அந்த முறை எஞ்சின், பெட்டி, கட்டடம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடுவதற்காக எழுந்தது. டயோரமாவுக்கு அதைப் பயன்படுத்தும்போது நடுவர் கொஞ்சம் நீட்டிப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். உங்கள் போட்டித் தாளில் தலைப்புகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதை அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் நீருக்கு வருகிறேன். அந்தத் தாள் என் கையில் இருந்தால், மங்கிய ரெசினுக்காக நான் குறைப்பதைவிட அதன் இருகரையிலும் நீங்கள் வைத்திருப்பவற்றுக்காகவே அதிகம் குறைப்பேன். ஒரு கரையில் நடவு, மறுகரையில் விளைந்த நெல், வரப்பில் பதநீர்க் கலயம், நடுவே நிறைந்த வாய்க்கால். இது எந்த மாதம்? தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு பூ நெல் விளைகிறது. காருக்கு ஜூன் வாக்கில் பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறப்பது வழக்கம். பிசானத்திற்கு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நடுவார்கள், பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பார்கள். பதநீர் இறங்குவது மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை. கார்த்திகை நடவு என்று வைத்தால் கலயம் பொருந்தாது. பங்குனி அறுவடை என்று வைத்தால் நடவு பொருந்தாது. ஒரே வாய்க்காலில் பாயும் அடுத்தடுத்த வயல்களில் ஒன்று நாற்றாகவும் மற்றொன்று கதிராகவும் நிற்பதைக் காண்பது அரிது. இந்த ஊர்க்காரராக இல்லாத நடுவர் இதைக் கவனிக்காமல் போகலாம். ஆனால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரும் ஒரு டயோரமாவைக் கவனிப்பதற்கு வேறென்ன இருக்கிறது?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆனி மாதத்தை எடுத்துக்கொள்வேன். கார் நடவு நிற்கட்டும். கலயம் நிற்கட்டும். வைக்கோல் படப்பும் நிற்கலாம், அது சென்ற பிசானத்து வைக்கோல். விளைந்த நெல்லை மட்டும் எடுத்துவிட்டு அந்த வயலைத் தொளி கலக்கிய சேறாக மாற்றிவிடுங்கள். ஆனியில் மேல்காற்று வலுத்துவிடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அதன் முன்னோட்டம். எனவே பனையோலைகள், நடவு செய்பவர்களின் முந்தானைகள், எஞ்சின் புகை எல்லாம் கிழக்கு நோக்கி ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். பின்திரை வரைகிறீர்கள் என்றால் மலை உச்சியில் சாரல் மேகம் வேண்டும். அம்பையில் வெயில் அடித்தாலும் தவறில்லை.

அப்படி முடிவு செய்துவிட்டால், மங்கிய ரெசினைப் பெயர்க்க வேண்டிய தேவையே இல்லை. கோடையில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் புதிதாகத் திறந்த தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டுதான் வரும். அடியில் உள்ள மணல் தெரியக் கூடாது. இப்போதுள்ள பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, அதன் மேல் செம்மண் பழுப்பும் சிறிது பசுமையும் கலந்த அக்ரிலிக் பூச்சைப் பூசி, ஓரங்களில் வெளிறியும் நடுவில் அடர்ந்தும் நிறத்தை மாற்றி, கடைசியாகத் தெளிந்த ரெசினை ஒரே ஒரு மெல்லிய அடுக்காக ஊற்றுங்கள். வெண்மை அடியில் மறைந்துவிடும். பாலத் தூணை ஒட்டி நீர் பிளந்து செல்லும் இடத்தில் ஒரு சிறு சுழிப்பைக் காட்டினால் நுண்விவரத்திலும் சேரும்.

கரிசல்காடு

பழையஸ்லீப்பர் அண்ணாச்சி சொல்வது சரி. ஒரு திருத்தம் மட்டும்: அக்ரிலிக் பூச்சு முற்றிலும் காயாமல் ரெசினை ஊற்றினால் அதே மங்கல் மீண்டும் வரும். மழை நாளில் ஊற்றாதீர்கள். ரெசினையும் ஹார்டனரையும் புட்டியில் அச்சிட்டிருக்கும் விகிதப்படி அளந்து கலக்குங்கள். அந்த விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்பதைப் பார்க்காமல் கலப்பவர்களின் வாய்க்கால்தான் மாதக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும்.

பொதிகைச்சாரல்

மிகவும் நன்றி. ஆனி மாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். விளைந்த நெல்லை இன்றே எடுத்துவிட்டேன். பனைகளைப் பற்றி ஒரு கேள்வி. இப்போது அவை 9 செ.மீ. உயரத்தில் இருக்கின்றன, ரயில் பெட்டியைவிட உயரமாகத்தான் தெரிகின்றன. போதுமா? பலகை வளைவுக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

பழையஸ்லீப்பர்

9 செ.மீ. என்பது அசலில் 8 மீட்டருக்கும் குறைவு. அது வடலி. பதநீர் இறக்கும் பனை 15 மீட்டர், 18 மீட்டர் என்று நிற்கும். உங்கள் அளவில் 17 முதல் 21 செ.மீ. வரை வர வேண்டும். ரயிலைச் சிறுமைப்படுத்திவிடுமோ என்று அஞ்சி மரத்தைக் குட்டையாக்குவது டயோரமா செய்பவர்களிடம் எங்கும் காணும் பழக்கம். நம் ஊரில் ரயிலைவிடப் பனைதான் உயரம். ஓலை விசிறியின் அகலம் 12 முதல் 15 மி.மீ. வரை இருக்கட்டும். இப்போது செய்து வைத்திருப்பவற்றை வீணாக்காமல் கலயத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பின்வரிசையில் வடலிகளாக நட்டுவிடுங்கள். தரிசு ஓரத்தில் குடை விரித்தாற்போன்ற உடைமரம் ஒன்று வைத்தால், இடம் எதுவென்று பலகையில் எழுதி வைக்காமலேயே தெரிந்துவிடும்.

நெல்லைக்கேஜ்

பலகை வளைந்ததற்குக் காரணம், ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டர் ஈரத்தையும் பெவிகாலையும் வாங்கியதுதான். எடை வைத்து அமுக்கி நேராக்க முயலாதீர்கள். பிளாஸ்டரும் ரெசினும் வெடிக்கும். அடிப்புறத்திலும் வார்னிஷ் பூசி அடைத்துவிட்டு, மேலும் வளையாமல் அலுமினிய எல்-ஆங்கிளால் நான்கு ஓரங்களிலும் குறுக்கிலும் சட்டம் கட்டுங்கள். மிச்சம் இருக்கும் வளைவைத் தண்டவாளத்துக்கு அடியில் மட்டும் ஆப்பு வைத்துச் சரிசெய்தால் போதும். ரசமட்டத்தைத் தண்டவாளத்தின் மேல் குறுக்கே வைத்துப் பாருங்கள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதைக் காண நடுவருக்கு அளவுகோல் தேவைப்படாது.

பொதிகைச்சாரல்

சட்டம் கட்டத் தொடங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று: பழைய மீட்டர்கேஜ் பாதையைப் பற்றிய சான்றுகளை எப்படிக் கொடுப்பது? இந்தப் பாதையில் 2012-இல் அகலப்பாதை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பார்த்துச் சரிபார்க்கப் பழைய பாதை எங்கும் இல்லையே.

பழையஸ்லீப்பர்

அதனால்தான் சான்றுக் கோப்பு தேவைப்படுகிறது. மதிப்பிடும் நேரத்தில் நீங்கள் அருகில் நின்று விளக்க முடியாது. உங்களுக்காகப் பேசுவது அந்தக் கோப்பு மட்டுமே. வீட்டு ஆல்பங்களில், கல்யாணப் படங்களின் பின்னணியில், பழைய நிலையமும் கைகாட்டியும் பெட்டிகளும் தெரியும் படங்களைத் தேடுங்கள். எடுத்த ஆண்டையும் இடத்தையும் கீழே எழுதுங்கள். பெட்டியின் நிறத்தை அந்தப் படத்தில் உள்ளபடியே பூசுங்கள், நினைவை நம்பாதீர்கள். எது அசலின் நகல், எது உங்கள் கற்பனை என்பதை ஒளிக்காமல் பிரித்துச் சொல்லுங்கள். "பாலம் கற்பனை, வாய்க்காலும் வயலும் இந்தப் பகுதியின் இயல்பு, மாதம் ஆனி" என்று ஒரு வரி இருந்தாலே நடுவர் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். எந்தெந்தப் பொருளை வாங்கினீர்கள், எதை நீங்களே செய்தீர்கள் என்ற பட்டியலையும் சேருங்கள். பனையோலைகளை நீங்களே வெட்டியிருந்தால் செய்யும்போது எடுத்த ஒரு படம் அந்த 15 மதிப்பெண்ணுக்கு உதவும். எல்லாம் இரண்டு மூன்று பக்கங்களுக்குள் இருக்கட்டும். தடித்த கோப்பை எந்த நடுவரும் முழுவதும் புரட்டுவதில்லை.