கூத்துப் பதிவை எம்பி3 ஆக்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

மத்தளம்:
மட்டக்களப்பு வடமோடிக் கூத்து, விடிய விடியப் பதிந்தது. கோப்பு பெரிதென்று தம்பி செக்கனுக்கு 64 கிலோபிட் எம்பி3 ஆக்கி எல்லோருக்கும் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிட்டான். அது வேறு சண்டை. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “சல்லரி விழ முந்தியே ‘ஸ்ஸ்’ எண்டு ஒரு காத்து வருகுது தம்பி, ஆர் ஊதுற?” என்றார். சல்லரி என்பது கூத்தில் அடிக்கும் கைத்தாளம். அதுவரை எனக்குக் கேட்காதது, இப்போது அது மட்டும்தான் கேட்கிறது.

வாவிக்கரை:
கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாட்டுப் பதிவொன்றில் உடுக்குக்கு முன்னால் இதே காற்றைக் கேட்டிருக்கிறேன். முன்னெதிரொலி என்பார்கள். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (ஒலி அளவீடுகள்) கொண்ட துண்டுகளாக எடுக்கிறது, ஒரு துண்டு சுமார் 26 மில்லிசெக்கன். பிட்டைக் குறைத்ததால் வரும் இரைச்சல் துண்டு முழுக்கப் பரவுகிறது. அடி விழுந்த பிறகு வரும் இரைச்சலை அடியே மறைத்துவிடும். அடிக்கு முன்னால் வருவதைக் காது சில மில்லிசெக்கன்தான் மன்னிக்கும். திடீர் அடிகளுக்குத் துண்டைச் சிறிதாக்கும் வசதி உண்டு, ஆனால் 64இல் அதற்குப் பிட் போதாது. ஸ்பெயின் காஸ்டனெட் கட்டைச் சத்தத்தை வைத்துத்தான் இந்தக் குறையைச் சோதிப்பார்கள். சல்லரியை வைத்தும் சோதிக்கலாம் போல.

அக்கரைப்பற்று காக்கா:
எம்பி3ஐக் குப்பை என்று யாரும் தொடங்க வேண்டாம். சீடி செக்கனுக்கு 1411 கிலோபிட், 128 கிலோபிட் எம்பி3 என்றால் பதினொன்றில் ஒரு பங்கு. கல்லடிப் பாலத்தில் லொறி போகும்போது பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பது கேட்குமா? அந்த முணுமுணுப்பைத்தான் எம்பி3 எறிந்துவிடுகிறது. வீட்டில் மருமகன் சொல்லாமல் சீடியையும் 128ஐயும் மாற்றி மாற்றிப் போட்டான், எனக்குப் பிடிபடவில்லை. பிறகு 16,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைப் போட்டான். மகள் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள், எனக்கோ அறையில் ஒன்றுமே நடக்கவில்லை. 128இல் பெரும்பாலும் வெட்டுப்படுவது அதற்கு மேலே உள்ளதுதான். எனக்கு என்ன நட்டம்?

திருக்கோவில் அலை:
நிலவு நாளில் தோணியிலிருந்து மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் போனில் பதிந்து மாமாவுக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். “தண்ணிச் சத்தம்தான் கேக்குது மகன்” என்றார். அவ்வளவுதான்.
மத்தளம் அண்ணன், இனிமேல் அசலை வேவ் (சுருக்காத கோப்பு) அல்லது ஃபிளாக்கில் வையுங்கள். ஃபிளாக்கும் சுருக்கும், ஆனால் எதையும் எறியாது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மைக்கைச் சல்லரிக்காரருக்கு மிக அருகில் வைக்க வேண்டாம். பதியும் அளவை உச்சிவரை ஏற்ற வேண்டாம். மழைக்காலத்தில் மைக்கைப் பெட்டியில் வைத்து ஈரம் உறிஞ்சும் சிறு பைகளையும் போடுங்கள். கையில் இருக்கும் 64ஐ 320க்கு மாற்றினால் கொஞ்சம் தெளியும்.

வாவிக்கரை:
தெளியாது தம்பி. 64இல் போனது போனதுதான். 320க்கு மாற்றினால் அந்தக் காற்றும் அப்படியே இருக்கும், கோப்பு ஐந்து மடங்காகும்.