உல்லாசப் படகுகள் ஒரு நீர்மூழ்கியையாவது மூழ்கடித்தனவா?

செங்கதிர்: 1942-இல் அமெரிக்கக் கிழக்குக் கரையைக் காத்தவை செல்வந்தர்களின் பாய்மர உல்லாசப் படகுகளே என்று இங்கு ஒருவர் எழுதியிருப்பது எரிச்சலூட்டுகிறது. கடலோரக் காவல்படையின் கீழ் ரோந்து சென்ற அப்படகுகள் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியையாவது மூழ்கடித்தனவா? ஒன்றைக்கூட இல்லை. சரக்குக் கப்பல்களைப் போர்க்கப்பல் காவலோடு அணியணியாக அனுப்பும் முறை அவ்வாண்டு மே மாதம் தொடங்கிய பிறகே அங்கு நிலைமை மாறியது.

மரக்கலம்: எழுதியவன் நான்தான். நீருக்கடியில் மெதுவாகவே நகரும் நீர்மூழ்கி, மின்கலத்துக்கு மின்னேற்ற மேலே வந்தே ஆகவேண்டும். வானொலி வைத்திருக்கும் சிறுபடகு ஒன்று அருகில் இருந்தாலும், விமானத்துக்குச் செய்தி போய்விடும் என்ற அச்சத்தில் அது மீண்டும் மூழ்கிவிடும். அந்நேரத்தில் தப்பிய எண்ணெய்க் கப்பலை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

செங்கதிர்: நான் கேட்டது அதுவன்று. எத்தனை நீர்மூழ்கிகளை மூழ்கடித்தன?

மரக்கலம்: முதல் உலகப் போரின்போது 1918 மே மாதம், முன்பு உல்லாசப் படகாக இருந்த கிறிஸ்டபெல் வீசிய, நீருக்கடியில் வெடிக்கும் ஆழ்நீர் வெடிகுண்டுகளால் பழுதடைந்த யூசி-56 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, நடுநிலை நாடான ஸ்பெயினின் சாந்தாந்தர் துறைமுகத்தில் ஒதுங்கிச் சிறைப்பட்டது. அது மீண்டும் போருக்குத் திரும்பவில்லை.

செங்கதிர்: சிறைப்பட்டது வேறு, மூழ்கியது வேறு. கிறிஸ்டபெல்லும் நீராவிக் கப்பல். நீங்கள் புகழ்ந்ததோ பாய்மரப் படகுகளை. மூழ்கிய கணக்கு எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது: உல்லாசப் படகுகளாக இருந்து கடற்படையில் சேர்ந்தவற்றுள், 1917 நவம்பரில் அல்சிடோவையும், 1942 மே 2 அன்று வட கரோலினாவுக்கு அப்பால் சித்தேராவையும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வீழ்த்தின. சித்தேராவில் உயிர்பிழைத்த இருவரையும் அதை வீழ்த்திய யூ-402 நீர்மூழ்கி கைதிகளாகக் கொண்டுசென்றது.

மரக்கலம்: அவ்விரண்டும் நீராவிக் கப்பல்களே! என் சான்றைத் தள்ளிய காரணம் உங்கள் சான்றுக்குப் பொருந்தாதா?

நெய்தல்நிலவன்: எழுத்தாளர் ஹெமிங்வேயும் தம் பிலார் படகில் கியூபாவுக்கு அருகே நீர்மூழ்கிகளைத் தேடித் திரிந்தாரே, அதை ஏன் இருவரும் விட்டுவிட்டீர்கள்?

செங்கதிர்: அவரும் ஒன்றையும் மூழ்கடிக்கவில்லை என்பதால்தான். 1942-இல் பாய்மரப் படகுக் குழுவினர் முதலில் முன்வந்தபோது அமெரிக்கக் கடற்படைத் தலைமை ஏற்கத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. ஆழ்நீர் வெடிகுண்டை வீசிவிட்டு விரைந்து விலக வேகமில்லாத மரப்படகு, தன் குண்டாலேயே சேதமடையும்.

மரக்கலம்: தயங்கிய அதே கடற்படைதான் சில மாதங்களில் அவர்களை அழைத்தது. குளிர்கால அட்லாண்டிக்கில் அவர்கள் பட்ட பாட்டை அறிவீர்களா? 1942 டிசம்பர் புயலில் சிக்கிய சைடா என்ற பாய்மரப் படகு ஏறக்குறைய மூன்று வாரங்கள் அலைக்கழிந்தது. அதிலிருந்த 9 பேரும் உயிரோடு மீண்டார்கள். இத்தகையவர்களை வெற்று எண்ணிக்கையால் அளப்பதை என்னால் ஏற்க முடியாது.

செங்கதிர்: அவர்களின் துணிவை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு படகைத் தேடுவதற்கு, நீர்மூழ்கிகளைத் தேடியிருக்க வேண்டிய விமானங்களும் கப்பல்களும் அலைந்தன. இது என் கட்சிக்குத்தான் சான்று.

மரக்கலம்: சொந்த வீரர்களைத் தேடிப்போனதையும் நட்டக் கணக்கில் எழுதுகிறீர்கள். யூசி-56 பற்றி இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.