மறு: யோகர்ட் கிண்ணத்தில் ‘மரபணு மாற்றம்’ – எந்தச் சொல் எதைக் குறிக்க வேண்டும்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நியூஜெர்சியில் எங்கள் பகுதி முதியோருக்காக, கடையில் விற்கும் யோகர்ட் கிண்ணங்களின் சேர்மானப் பட்டியலைத் தமிழில் விளக்கும் கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். முதல் வரைவில் ‘ஜெனட்டிக்கலி மாடிஃபைடு’ என்பதை ‘மரபணு மாற்றப்பட்ட’ என்றும், ‘மாடிஃபைடு கார்ன் ஸ்டார்ச்’ என்பதை ‘மாற்றப்பட்ட மக்காச்சோள மாவு’ என்றும் எழுதியிருந்தேன். அதைப் படித்த என் மாமியார், குளிர்பெட்டியிலிருந்து ஸ்ட்ராபெரி யோகர்ட் ஒன்றை எடுத்து வந்து, பட்டியலில் அந்த மாவின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, “மாத்தியிருக்கோம்னு இங்கேயே போட்டிருக்கானே, அப்புறம் மூடியில எதுக்கு மாத்தலைன்னு முத்திரை?” என்று கேட்டார். மூடியில் உண்மையிலேயே ‘மரபணு மாற்றம் இல்லை’ என்னும் முத்திரை இருந்தது. அவர் சரியாகத்தான் படித்தார். என் சொல்தான் அவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

ஸ்டார்ச்சில் மாறுவது மரபணு அன்று. மக்காச்சோளத்திலிருந்தோ மரவள்ளியிலிருந்தோ பிரித்தெடுத்த மாப்பொருளை அமிலத்தாலோ வெப்பத்தாலோ பாஸ்பேட் போன்ற வேதிப்பொருளாலோ பக்குவம் செய்து, புளிப்பிலும் குளிரிலும் அது இளகாமல், யோகர்ட் நீர்விடாமல் நிற்கும்படி செய்கிறார்கள். பொட்டலங்களில் 1442 என்ற உணவுச் சேர்க்கை எண்ணோடு காணப்படுவது இவ்வகையில் ஒன்று. மோர்நீரை வடித்தே கெட்டியாக்கும் கிரேக்க வகை யோகர்ட்டுக்கு இது தேவையில்லை. வடிக்காமலேயே அந்தக் கெட்டித்தன்மை வேண்டும் என்னும்போதும், பழக்கூழ் பிரிந்து போகாமல் இருக்க வேண்டும் என்னும்போதும்தான் இதைச் சேர்க்கிறார்கள். பாகுக்குப் பதம் பார்க்கும் நம் அடுப்படியில் இதற்கான சொல் தயாராக இருக்கிறது. ‘பதமேற்றிய மாப்பொருள்’ என்று சொல்லலாம் என்பது என் முதல் முன்மொழிவு. உணவுப் பட்டியலில் ‘மாற்று’ என்ற வினையை மரபணுவுக்கு மட்டும் ஒதுக்கி வைத்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

சென்ற வாரம் இங்கே நண்பர் ஒருவர் சுருக்கம் கருதி ‘மரபுமாற்று’ என்ற சொல்லைப் பரிந்துரைத்தார். அதன் ஓசை எனக்கும் பிடித்திருந்தது. ஆயினும் ஏற்க இயலவில்லை. இயற்கை உழவர்கள் ‘மரபு விதை’, ‘மரபு அரிசி’ என்று சொல்வது பாட்டன் காலத்து நாட்டு ரகங்களை. அவர்களிடையே ‘மரபுமாற்று விதை’ என்றால் ஒருவர் ஒன்றையும் மற்றவர் வேறொன்றையும் புரிந்துகொள்வார்கள். எனவே ‘மரபணு’ முழுமையாக இருக்கட்டும். ‘மரபணு மாற்றுப் பயிர்’ என்று இதழ்கள் எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு: மாற்று மருத்துவம், மாற்றுப் பயிர் என்னும்போது ‘மாற்று’ என்பது ‘பதிலாக வருவது’ என்ற பொருளைத் தருகிறது. ‘மரபணு மாற்றிய’ என்ற பெயரெச்சம் குறுகியது, பொருள் மயக்கமும் இல்லாதது.

எதிர்மறைக்கு ‘மரபணு மாற்றமில்லா’ என்பதைக் காட்டிலும் ‘மரபணு மாற்றாத’ என்பதே நேர்மையானது. ‘இல்லா’ என்பது துளிகூடக் கிடையாது என்று வாக்களிக்கிறது. ஆனால் அறியாமல் கலந்துவிடும் அளவாக ஐரோப்பிய ஒன்றியம் 0.9 விழுக்காடு வரையிலும், அமெரிக்கச் சட்டம் 5 விழுக்காடு வரையிலும் பொறுத்துக்கொள்கின்றன. ‘மாற்றாத’ என்பது பயிருக்குச் செய்ததையும் செய்யாததையும் மட்டுமே சொல்கிறது. கிண்ணத்தில் இருக்கும் அளவைப் பற்றி வாக்குக் கொடுப்பதில்லை.

இனித்தான் கடினமான பகுதி வருகிறது. யோகர்ட்டில் மரபணு மாற்றம் எங்கே இருக்கக்கூடும்? பாலை உறையவைக்கும் நுண்ணுயிரைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கேள்வியெல்லாம் சேர்மானத்தையும் தீவனத்தையும் பற்றியதே. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளம், சோயா, சர்க்கரை பீட்ரூட் ஆகியவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மரபணு மாற்றியவை. கிண்ணத்தில் ‘சர்க்கரை’ என்று மட்டும் இருந்தால் அது பீட்ரூட்டிலிருந்து வந்திருக்கலாம்; ‘கரும்புச் சர்க்கரை’ என்று விரித்து எழுதியிருந்தால், அமெரிக்காவில் விளையும் கரும்பு மரபணு மாற்றாதது என்பதால், வாங்குபவர் அதை ஓர் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார். ஆகவே கையேட்டில் ‘கரும்பு’ என்ற சொல்லை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

தீவனத்தின் கதை வேறு. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் ஹோல் ஃபுட்ஸ் மளிகைக் கடைகள் சோபானி என்னும் பெயரில் வரும் யோகர்ட்டை விற்பதை நிறுத்தப்போவதாக அறிவித்து, இயற்கை வேளாண்மை வகைகளுக்கும் மரபணு மாற்றாத வகைகளுக்கும் இடம் ஒதுக்க எண்ணியபோது, பேச்செல்லாம் மாடு தின்ற தீவனத்தைச் சுற்றியே நடந்தது. 2016 ஏப்ரலில் டானன் நிறுவனம் தன் மூன்று முதன்மைப் பெயர்களில் வரும் யோகர்ட்டுக்குச் சேர்மானத்தை மட்டுமன்றி, 2018 முடிவதற்குள் மாட்டுத் தீவனத்தையும் மரபணு மாற்றாததாக ஆக்குவதாக உறுதியளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் விவசாய அமைப்புகள் பல அதைக் கண்டித்துக் கடிதம் எழுதின. ஆனால் மரபணு மாற்றிய உணவைப் பொட்டலத்தில் அறிவிக்கச் சொல்லும் அமெரிக்கக் கட்டாய அறிவிப்புச் சட்டமோ, மாற்றிய தீவனத்தைத் தின்ற மாட்டின் பால் என்ற ஒரே காரணத்துக்காக எந்த உணவுக்கும் அறிவிப்புக் கேட்பதில்லை. எனவே ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் வாசகரை ஏமாற்றியவர்களாவோம். ‘மரபணு மாற்றிய சேர்மானம்’ ஒன்று, ‘மரபணு மாற்றிய தீவனம்’ மற்றொன்று. முத்திரை தீவனத்தையும் உள்ளடக்கினால் ‘மரபணு மாற்றாத் தீவனப் பால்’. ஜெர்மனியின் மரபணுத் தொழில்நுட்பமற்றது என்னும் முத்திரையைப் பால் பொருள்களில் காண்போர்க்கும் இந்த மூன்றாவது சொல் உதவும்.

இந்தப் பிரிப்பு அமெரிக்காவுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 2002இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்து, இன்று பருத்தி நிலத்தின் மிகப் பெரும்பகுதி அதுவாகவே இருக்கிறது. ஊரில் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைக்கும் வீட்டில் உறை ஊற்றிய தயிருக்கும் ‘தீவனம்’ என்ற சொல்தான் சரியான விடையைத் தரும்.

கடைசியாக, அமெரிக்காவின் அந்தக் கட்டாய அறிவிப்புச் சட்டம் கட்டாயமாக நடைமுறைக்கு வந்த 2022 ஜனவரி 1 முதல் பொட்டலங்களில் காணும் ‘பயோஎன்ஜினியர்டு’ என்ற சொல். இதை ‘மரபணு மாற்றிய’ என்றே பெயர்த்தால் சட்டத்தின் எல்லை மறைந்துபோகும். மாற்றிய மரபணு சோதனையில் தென்படாத தூய சர்க்கரை அதில் அடங்குவதில்லை. ‘உயிர்ப்பொறியாக்க உணவு’ என்று தனிச்சொல்லாகவே வைக்கலாம் என்று கருதுகிறேன். சொல் தேர்வு வாங்குவோர் மனத்தைத் தொடும் என்பதற்குச் சான்றும் உண்டு: 2016இல் வெர்மான்ட் மாநிலம் ‘மரபணுப் பொறியியலால் உருவானது’ என்று எளிய சொற்களில் அறிவிக்கச் செய்தபின், அங்கே இத்தகைய உணவுக்கான எதிர்ப்பு 19 விழுக்காடு குறைந்ததாகக் கொலடின்ஸ்கி, லஸ்க் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். தெளிவாகச் சொன்னால் அச்சம் பெருகும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது.

உங்கள் மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

-----

அக்காவுக்கு வணக்கம்.

‘பதமேற்றிய மாப்பொருள்’ எனக்கு முழுச் சம்மதம். யாழ்ப்பாணத்துப் பாடநூல்களில் மரபணுவைப் ‘பரம்பரையலகு’ என்றே படித்தோம். ஆயினும் ‘மரபணு மாற்றிய’ என்பது எங்களுக்கும் உடனே விளங்கும். ஒரேயொரு வேண்டுகோள். எங்களுக்குத் தயிர் என்றால் மண்சட்டியில் வருகின்ற எருமைத் தயிர், யோகட் என்றால் கிண்ணத்தில் வருவது. இரண்டையும் ஒருவரும் மாற்றிச் சொல்வதில்லை. ஆகவே கையேடு முழுவதும், தலைப்பு உட்பட, ‘கடைத் தயிர்’ என்று எங்கும் மாற்றிவிடாமல் ‘யோகர்ட்’ என்றே எழுதி, வீட்டில் உறை ஊற்றியதை மட்டும் தயிர் என்று குறிப்பிடுங்கள்.