டவுன் மீட்டிங்கா, நகர கவுன்சிலா?

வேம்பு:
மாசசூசெட்ஸில் எங்கள் ஊரில் வாக்காளர்களே நேரில் கூடி வாக்களித்து முடிவெடுக்கும் டவுன் மீட்டிங்கை எடுத்துவிட்டு மேயரும் கவுன்சிலும் கொண்டுவரலாம் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. நான் வேண்டாம் என்கிறேன். போன வசந்தகாலக் கூட்டம் பள்ளி ஜிம்மில் நடந்தது. வாசலில் பெயரைச் சரிபார்த்து ஆளுக்கு ஒரு வாக்கு அட்டை கொடுத்தார்கள். புதிய தீயணைப்பு வண்டிக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வந்தபோது ஒரு பெரியவர் எழுந்து, பழைய வண்டியைப் பழுது பார்த்தால் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டார். தீயணைப்புத் துறைத் தலைவரே மைக்குக்கு வந்து பதில் சொன்னார். அப்புறம்தான் அட்டையைத் தூக்கினோம். இந்த உரிமையை ஏன் பத்துப் பேரிடம் ஒப்படைக்க வேண்டும்?

கல்தூண்:
நானும் அதே ஊர்தான். அன்று எனக்கு இரவு வேலை. ஜிம்மில் 200 பேர் இருந்திருந்தால் அதிகம். பல ஆயிரம் வாக்காளர்களின் சொத்து வரியை அவர்கள் முடிவு செய்கிறார்கள். நம் மாநிலத்து ஃபிரேமிங்ஹாமைப் பாருங்கள். சுமார் 70,000 பேர் இருந்தும் அது டவுன் என்றே இருந்தது. அங்கே டவுன் மீட்டிங்குக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த இடங்களே முழுதாக நிரம்பவில்லை. 2017 ஏப்ரலில் நூறு சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் நகரமாக மாற முடிவெடுத்தார்கள். 2018 முதல் மேயரும் 11 பேர் கவுன்சிலும். குப்பை எடுக்கவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

வேம்பு:
கலிபோர்னியாவின் பெல் நகரத்திலும் கவுன்சில் இருந்தது. சுமார் 35,000 பேர் வாழும் ஏழை ஊர். நிர்வாகத்தை நடத்த கவுன்சில் நியமித்த நகர மேலாளர் ராபர்ட் ரிசோ வருஷத்துக்கு 8 லட்சம் டாலரை நெருங்கிய சம்பளம் வாங்கினார். பகுதிநேர கவுன்சிலர்களுக்கு ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம். 2010-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. ஜிம்மில் அந்தப் பெரியவர் இருந்திருந்தால் இது முதல் வருஷமே உடைந்திருக்கும்.

டாலஸ்காரன்:
வேம்பு அக்கா, பெல் கதையில் ஒன்று விட்டுப்போகிறது. சாதாரண நகரங்களில் கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. நகரம் தன் ஆட்சி விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும் தனி சாசனம் வைத்துக்கொண்டால் அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. 2005-ல் பெல் அப்படி மாறுவதற்கு நடந்த தேர்தலில் வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. யாரும் வராததுதான் அங்கேயும் நோய்.

மேலாளர் முறை நல்ல காரணத்துக்காக வந்தது. 1913 வெள்ளத்தில் ஓஹாயோவின் டேட்டன் மூழ்கியது. அடுத்த ஆண்டே அந்த ஊர் நிர்வாகத்தை அனுபவமுள்ள மேலாளரிடம் கொடுத்தது. எங்கள் டாலஸிலும் அதே முறைதான். மேயருக்கும் கவுன்சிலில் ஒரே ஒரு வாக்கு. அன்றாட வேலை மேலாளருடையது. சரியாகச் செய்யவில்லை என்றால் கவுன்சில் அவரை நீக்கலாம்.

கல்தூண்:
இன்னொன்றையும் சொல்கிறேன். என் மனைவிக்கு கிரீன் கார்டுதான். வரி கட்டுகிறாள், பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். ஆனால் ஜிம்மில் வாக்காளர் அல்லாதோர் வரிசையில் தனியாக உட்கார வேண்டும். பேசவும் அனுமதி வேண்டும். மேரிலாந்தின் டகோமா பார்க்கில் 1993 முதல் குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். ஊரே முடிவெடுக்கிறது என்கிறீர்களே, அந்த ஊரில் அவள் இல்லையா?

வேம்பு:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் அங்கே அப்படி உட்கார வேண்டியிருப்பது தவறுதான். ஆனால் அதை மாற்ற மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். கவுன்சில் வந்தாலும் அதே நிலைதான். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாதது மட்டும் நம் கையில் இருக்கிறது. கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வகுப்பறையும் ஒதுக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதியிருக்கிறேன். பதிவு செய்த வாக்காளர்கள் 10 பேர் கையெழுத்துப் போட்டால் வருடாந்திரக் கூட்டத்தின் நிரலில் அதைச் சேர்த்தே ஆக வேண்டும். ஏழு கையெழுத்து வந்துவிட்டது. ஞாயிறு மாலை நூலக வாசலில் இருப்பேன், கல்தூண். வருவீர்களா?

கல்தூண்:
வருகிறேன். கவுன்சில் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் இதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.